மற்ற ஐந்து எங்கே?

அன்புள்ள ஐயா,

கோவையில் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கில், அதாவது பரிசும் தண்டனையும் போன்ற மதிப்பெண்களைக் கொண்டு நிரல் தானே முயன்று கற்கும் துறையில், முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான்காம் ஆண்டு. பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான ஜிபியுக்களை (வேகமாகக் கணக்கிடும் சில்லுகளை) வைத்துச் செய்வதை எங்கள் ஆய்வகத்தின் இரண்டு ஜிபியுக்களால் செய்ய முடியுமா? பேசாமல் வேலைக்குப் போய்விடலாமா? போன மாதம் ஒரு கட்டுரைக்காக என் நிரலைப் பத்து முறை ஓட்டினேன். நன்றாக வந்த ஐந்தை மட்டும் வரைபடத்தில் போடச் சொன்னார்கள். போட்டேன். அப்படியும் ஏற்கவில்லை.

- ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வேலைக்குப் போக வேண்டிய நிலை என்றால் போங்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை. ஜிபியு புலம்பலை மட்டும் நிறுத்துங்கள். சட்டனும் பார்ட்டோவும் ஆண்டர்சனும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 1983இல் எழுதிய கட்டுரை, வண்டிமேல் நிற்கும் ஒரு கோலை விழாமல் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் நிரலைப் பற்றியது. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2024ஆம் ஆண்டுக்கு முதல் இருவருக்கும் கிடைத்தது இந்த வழியில் நடந்ததற்காகத்தான்.

என்னை உறுத்துவது உங்கள் "போட்டேன்". மற்ற ஐந்து எங்கே?

ஒவ்வொரு ஓட்டத்தையும் தொடங்கிவைக்கும் எண்ணை உங்கள் துறையில் 'சீட்' என்கிறார்கள். விதை. என் அப்பா நாற்றங்காலுக்கு முன் நூறு நெல்லை ஈரச் சாக்கில் பத்துப் பத்தாக அடுக்கிச் சுருட்டி வைப்பார். தண்ணீர் தெளிப்பது என் வேலை. ஒரு வாரம் கழித்துத் திண்ணையில் பிரிக்கும்போது புளித்த வாடை வரும், வெள்ளை வேர்கள் சணலில் சிக்கியிருக்கும். முளைக்காததுதான் குறைவு என்பதால் அதைத்தான் எண்ணுவார். ஓராண்டு, அவர் ஆசையாக வாங்கிவந்த விதையில் இருபத்தேழு வாயே திறக்கவில்லை. அவர் வருந்துவாரே என்று எட்டு நெல்லைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "பத்தொன்பது" என்று எண்ணி முடித்தவர், வரிசைகளில் இருந்த வெற்றிடங்களை விரலால் தடவினார். அடிக்கவில்லை. "இதை நம்பி விதைத்திருந்தால் நாற்று பற்றாமல் போயிருக்கும். நடவுக்கு வந்த பெண்களை வெறுங்கையோடு அனுப்பியிருப்பேன்" என்றார். பையிலிருந்ததை எடுத்து வைத்தபோது என் கை நடுங்கியது.

மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹெண்டர்சன், ஜோயெல் பினோ முதலியோர் 2018இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துப் படியுங்கள். 'பாதிச் சிறுத்தை' என்னும் இருகால் உருவத்துக்கு ஓடக் கற்பிக்கும் சோதனை. ஒரே கற்றல்முறை, ஒரே அமைப்பு. விதையை மட்டும் மாற்றிப் பத்து ஓட்டம். ஐந்தைந்தாகப் பிரித்துச் சராசரி எடுத்தால், இரு வேறு கற்றல்முறைகளைப்போல இரண்டு கோடுகள் விலகி நிற்கின்றன! கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாலே இந்தக் கதி. நீங்கள் பார்த்துப் பொறுக்கியிருக்கிறீர்கள்.

"சொன்னார்கள்" என்கிறீர்கள். நான்காண்டு படித்தவருக்கு மறுக்க வாய் இல்லையா? அந்தக் கோடு வெளிவந்தால், அதை நம்பி வேறோர் ஊரில் ஒரு மாணவி ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்பாள். வராது. தனக்குத்தான் அறிவில்லை என்று இரவெல்லாம் அழுவாள். முதலாண்டில் நீங்களும் அப்படி அழுதிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன், அம்மா. அன்று உங்களை அழவைத்த வரைபடத்தில் எத்தனை வெற்றிடங்கள் இருந்தனவோ!

அந்த ஐந்து ஓட்டங்களின் பதிவுகளை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு அனுப்புங்கள். எந்த இடத்தில் கற்றல் நின்றது என்று உட்கார்ந்து பார்ப்போம்.