2025 என்ற ஒரே ஆண்டுக்கு விசுவாவசு, திருவள்ளுவர் ஆண்டு 2056, பசலி 1435 என்று பல பெயர்களும் எண்களும் ஏன்? இவற்றில் எது சரி?

எல்லாமே சரிதான். ஆனால் எண்களைவிட, ஆண்டு எந்த நாளில் பிறக்கிறது என்பதே பெரும்பாலும் நம்மைக் குழப்புகிறது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த என் தாத்தாவின் ஜாதகத்தில் ‘துன்மதி வருஷம், தை மாதம்’ என்றுதான் இருந்தது. துன்மதி 1921 ஏப்ரலில் பிறந்ததால், அவர் வேலைக்குச் சேர்ந்த ஆலையில் பிறந்த ஆண்டை 1921 என்றே பதிந்துகொண்டார்கள். அந்தத் துன்மதியின் தை மாதமோ 1922 ஜனவரியில்தான் வந்தது. இதனால் அவர் ஓராண்டு முன்னதாகவே ஓய்வு பெற நேர்ந்தது. பெயர்கள் அறுபதே என்பதால் 1981இல் மீண்டும் துன்மதி வந்தது; என் அண்ணன் பிறந்ததும் அதில்தான். பிறந்த வருஷத்தின் பெயர் திரும்பி வருவதைத்தான் அறுபதாம் கல்யாணமாகக் கொண்டாடுகிறோம்.

2025 ஆகஸ்ட் 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தெருவெங்கும் கூழ் ஊற்றிய கடைசி ஆடி வெள்ளி அது. அன்று விசுவாவசு ஆண்டு, ஆடி 30. வள்ளுவர் கி.மு. 31இல் பிறந்தார் என்று கொண்டு 31ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு 2056. இது தை முதல் நாளில் மாறுவதால், ஜனவரியின் முதல் இரு வாரங்களுக்கு மட்டும் 30ஐக் கூட்ட வேண்டும். இந்திய அரசின் நாட்காட்டியிலுள்ள சக ஆண்டு 1947. கேரளத்தின் கொல்லம் ஆண்டு அன்று 1200, இரண்டே நாளில் 1201.

பசலியும் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. முகலாயர் காலத்தில், அறுவடையை ஒட்டி நிலவரி தண்டுவதற்காக ஹிஜ்ரி எண்ணைச் சூரிய ஆண்டோடு பிணைத்ததில் பசலி உருவானது. சந்திரனைப் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்களே என்பதால் அது முந்திக்கொண்டு அந்த ஆகஸ்டில் 1447ஐ எட்டியிருந்தது. பசலி 1435இல் நின்றது. நம் வருவாய்த்துறையின் பசலி ஜூலை 1இல் தொடங்குகிறது. ஆகவே மணலிப் பக்கத்துப் பழைய தீர்வை ரசீது ஒன்றில் ‘பசலி 1371’ என்றிருந்தால், 590ஐக் கூட்டி 1961 என்று முடித்துவிடாதீர்கள். 1961 ஜூலை முதல் 1962 ஜூன் வரை என்று படியுங்கள்.