வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் படம் எடுப்பது எப்படி? பெரிய லென்ஸ் வேண்டுமா?

பட்டர்வொர்த் பக்கம் டெரஸ் வீடு, வாசலில் சின்னத் தோட்டம், குருவிகள் நிறைய வருகின்றன, ஆனால் கேமராவைத் தூக்கியதும் பறந்துவிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா என்பது உங்கள் கேள்வி. தீராது. இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதல் ஒரு வாரம் கேமராவையே தொடாமல் தோட்டத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். எனக்கு வீடு பினாங்குத் தீவில், சுங்கை ஆராவில். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட். வேலை முடிந்து மோட்டாரில் வீடு வந்து சேர ஏழே முக்கால் ஆகும். வந்ததும் படுத்தால் தூக்கம் வராது. அம்மா கொடுக்கும் தேத்தண்ணியோடு பின்வாசலில் உட்கார்ந்துவிடுவேன். நம் ஊரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான் எழுகிறது. 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள், அதனால் விடியல் இன்னும் பிந்தி வருகிறது. எனக்கு அது நல்லதாகப் போயிற்று. நான் தேத்தண்ணி குடிக்கும் நேரமும் பறவைகள் பசியோடு இறங்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன.

ஒரு மாதம் சும்மா பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம், ஒரு வழி, ஒரு கிளை இருக்கிறது. எட்டு மணிக்கு முன்பே குண்டுக்கரிச்சான் வேலிக் கம்பியில் வந்து உட்காரும். மலாய்க்காரர்கள் முராய் கம்போங் என்பது இதைத்தான். வாலை இரண்டு மூன்று முறை தூக்கி இறக்கிவிட்டுப் பூச்சட்டிகளுக்கு நடுவே குதித்துப் புழு பொறுக்கும். எட்டே காலுக்கு ஒரு ஜோடி சின்னான் வரும். கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடும் வாலடியில் மஞ்சளும் இருக்குமே, மெர்பா காப்பூர், அதுதான். நேராகக் கறிவேப்பிலை மரத்துக்குப் போய்க் கறுத்துப் பழுத்த பழங்களை விழுங்கும். முருங்கை பூத்திருக்கும் நாள்களில் தேன்சிட்டு வரும். பத்து மணிக்கு மேல் எல்லாம் அடங்கிவிடும். வெயிலும் தலைக்கு மேல் ஏறி, பறவையின் கண் நிழலில் மறைந்துவிடும். ஒரு நாளைக்கு நமக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான், ஆனால் அதே பறவை நாளைக்கும் அதே கிளைக்கு வரும். காட்டுக்குப் போய்ப் படம் எடுப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. வீட்டுத் தோட்டத்தில் நமக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, தூக்கியதும் பறப்பதற்கு வருவோம். நீங்கள் அங்கே இருப்பதைக் காட்டிலும், சட்டென்று கை உயர்வதும் முகம் திரும்புவதும்தான் பறவையை விரட்டுகிறது. அதனால் பறவை வருவதற்குக் கால் மணி முன்னதாகவே கேமராவை முக்காலியில் பூட்டி, கண் உயரத்தில் வைத்து, அந்தக் கிளையை நோக்கித் திருப்பி வைத்துவிடுங்கள். பறவை வந்தபின் உங்கள் விரல் மட்டும் அசைந்தால் போதும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நாற்காலியில் உட்காருங்கள். எங்கள் வீட்டுக் கரிச்சான் முதலில் வேலியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. மூன்றாவது வாரம் என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்று மண்புழுவை இழுத்தது. அன்றைக்கு நான் படமே எடுக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே உட்கார முடியாவிட்டால் வீட்டையே மறைவிடமாக்கலாம். பழைய டெரஸ் வீடுகளில் சமையலறையில் கண்ணாடிப் பலகைகளை அடுக்கிய நாக்கோ ஜன்னல் இருக்குமே, அதில் ஒரே ஒரு பலகையை உருவிவிட்டால் லென்ஸ் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். கிரில் கம்பிகளுக்கு நடுவே லென்ஸை நீட்டி, சுற்றிலும் ஒரு பழைய சாரோங்கைத் தொங்கவிடுங்கள். உள்ளே விளக்கை அணைத்துவிடுங்கள். என்னுடைய நல்ல படங்களில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டு சிங்க்குக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவை. கண்ணாடி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், அதைத் துடைத்துவிட்டு லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக ஒட்டி வையுங்கள். சாய்த்துப் பிடித்தால் படம் கலங்கிவிடும்.

லென்ஸ் பேச்சுக்கு வருகிறேன். நான் வைத்திருப்பது பழைய கேனான் கேமராவும் 55-250 லென்ஸும், இரண்டும் இரண்டாம் கை. கணக்கைப் பாருங்கள். சின்னான் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். அது மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், இந்த வகைக் கேமராவில் 250-இலேயே படச்சட்டத்தின் முக்கால் அகலத்தை நிரப்பிவிடும். அதே இடத்தில் 600 வைத்தால் தலையும் மார்பும்தான் கிடைக்கும். தவிரவும், 150-600 வகை லென்ஸுகள் பலவற்றுக்கு இரண்டு மீட்டருக்கும் அதிகமான இடைவெளி இருந்தால்தான் குவியமே (ஃபோகஸ்) பிடிக்கும். 55-250-இன் புதிய எஸ்டிஎம் வகைக்கு 85 சென்டிமீட்டர் போதும். டெரஸ் வீட்டுத் தோட்டத்தின் அளவுக்கு அதுதான் பொருத்தம்.

கேமரா அமைப்பைப் பொறுத்தவரை எனக்கு மூன்றே விஷயங்கள் முக்கியம். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே இறங்கக்கூடாது, ஏனென்றால் உட்கார்ந்திருக்கும் சின்னான்கூடத் தலையை வெட்டி வெட்டித் திருப்பிக்கொண்டே இருக்கும். தேன்சிட்டு பூ முன்னால் சிறகடித்து நிற்பதைப் பிடிக்க 1/2500 வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 3200 வரை ஏறினால் ஏறட்டும். படத்தில் கொஞ்சம் மணல் மாதிரிப் புள்ளிகள் தெரிந்தாலும் பரவாயில்லை, பறவை கலங்கிப்போனால் அந்தப் படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது, குவியத்தைக் கண்ணிலேயே வையுங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் 250-இல் லென்ஸ் துளையை எஃப் 5.6-இல் வைத்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. சிறகில் குவிந்தால் கண் மங்கிவிடும். மூன்றாவது கரிச்சானுக்காக. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. கேமராவை அதன் போக்கில் விட்டால் கறுப்பைப் பார்த்து ஏமாந்து வெள்ளையைச் சுண்ணாம்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7-இல் வைத்தால் வயிற்று இறகுகள் தனித்தனியாகத் தெரியும்.

பறவைக்குச் சோறும் பழமும் தட்டில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் வைப்பதில்லை. தட்டில் வைத்தால் மைனாவும் காக்கையும் எலியும்தான் சேரும். செடி வையுங்கள். நம் வீடுகளில் அம்மாக்கள் எப்போதும் வைக்கும் செடிகளே போதும்: கறிவேப்பிலை, முருங்கை, செம்பருத்தி, பப்பாளி, பின்சந்துப் பக்கம் ஒரு வாழை. கறிவேப்பிலையில் பழம் வந்ததும் கொத்தோடு கிள்ளிப் போட்டுவிடாமல் விடுங்கள். செம்பருத்தியின் அகல இலைகளைக் கண்டால் தையல்சிட்டு வரும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். புழு இல்லாத தோட்டத்தில் கரிச்சானுக்கு வேலை இல்லை.

தண்ணீர் வைக்கலாம். அகலமான மண் தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டு மாற்றுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவர ஒரு வாரம் போதும். டிங்கி எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டைப் படுத்தி எடுத்திருக்கிறது. சுகாதார அதிகாரிகள் வந்து கொசுப் புழுவைக் கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

அப்புறம் பின்னணி. இதைப் பலர் கவனிப்பதில்லை. பறவை நன்றாக இருக்கும், பின்னால் துணிக்கொடியும் கேஸ் தோம்பும் தெரியும். நான் செய்வது இதுதான்: காய்ந்த கொய்யாக் கிளை ஒன்றைப் பூச்சட்டியில் நட்டு, கறிவேப்பிலை மரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் வைத்தேன். மரத்துக்குப் போகும் முன்பு சின்னான்கள் அதில் ஒரு தடவை நின்று சுற்றும்முற்றும் பார்க்கின்றன. கிளைக்கும் பின்னால் இருக்கும் வாழைக்கும் ஐந்தாறு மீட்டர் இடைவெளி இருப்பதால் பின்னணி முழுக்கப் பச்சைப் பட்டு மாதிரி கரைந்துவிடுகிறது. சட்டியை அரை அடி நகர்த்தினாலே பின்னணி மாறும், நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்.

லென்ஸைத் திருப்பும் திசையில் அண்டை வீடு இருந்தால் முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் ஆரம்பத்தில் சங்கடப்பட்டார். படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். இப்போது அவர் வீட்டுப் பப்பாளியில் மாங்குயில் உட்கார்ந்தால் அவரே வேலிப் பக்கம் வந்து கூப்பிடுகிறார்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கூட்டைப் படம் எடுக்கப் போகாதீர்கள். எங்கள் கார் கொட்டகையில் தொங்கும் ஆர்க்கிட் கம்பியில் தேன்சிட்டு ஒன்று பை மாதிரிக் கூடு கட்டியது. பெட்டைதான் நாரும் சிலந்தி வலையுமாகக் கொண்டுவந்து கட்டும். குஞ்சு பொரித்ததும் எனக்கு ஆசை தாங்கவில்லை. வாசலை மறைத்துக்கொண்டிருந்த இரண்டு இலைகளை நூலால் இழுத்து ஒரு பக்கமாகக் கட்டிவிட்டுப் படம் எடுத்தேன். தாய் வாயில் சிலந்தியோடு, உள்ளே இரண்டு ஆரஞ்சு வாய்கள். அவ்வளவு அழகான படம் நான் அதற்கு முன் எடுத்ததில்லை. நூலை அவிழ்க்காமலே தூங்கப் போய்விட்டேன். மத்தியானம் எழுந்து பார்த்தால் கூடு கிழிந்து தொங்கியது. காக்கை. இலை மறைத்திருந்தவரை அதன் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. தாய்க்குருவி இரண்டு நாள் அந்தக் கம்பிக்கு வந்து வந்து போனது. அம்மா அந்த இரண்டு நாளும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை.

அமாவாசைக்கு அம்மா மதில் மேல் காக்கைக்குச் சோறு வைப்பது வழக்கம். முன்னோருக்கு வைப்பது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. இப்போது அதைப் பின்சந்து மதிலுக்கு மாற்றிக்கொண்டார். இந்தக் காக்கையே 1890களில் கிள்ளான் காப்பித் தோட்டங்களில் புழு தின்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம். அதைச் சொன்னபோது, அப்படியானால் அதுவும் நம்மை மாதிரிக் கப்பலில் வந்ததுதானே என்றார் அம்மா.

கூடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் நடமாட்டத்தைக் குறையுங்கள். தேன்சிட்டுக்கு அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். அந்த ஒரு மாதம் காரை வெளியே நிறுத்தினால் ஒன்றும் ஆகிவிடாது. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டதாக நினைத்து, கரிச்சான் தீனி தேடுவதை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே அலையும்.

கேமராவைக் குளிர்சாதன அறையில் வைக்காதீர்கள். அங்கிருந்து வெளியே கொண்டுவந்ததும் லென்ஸில் பனி படிந்து, தெளிவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் பத்து வெள்ளி ஈரப்பதமானியும் போட்டு வைத்தால் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

அக்டோபர் வந்தால் வடக்கேயிருந்து விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். பழுப்பு ஈப்பிடிப்பான் ஒன்று நம் ஊரில் ஏப்ரல் வரை தங்கும். உள்ளங்கை அளவுதான் இருக்கும், பெரிய கறுத்த கண். ஒரே காய்ந்த கிளையில் உட்கார்ந்து, பறந்து பூச்சி பிடித்து, திரும்ப அதே கிளைக்கு வரும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அதைவிடப் பொறுமையான பறவை கிடைக்காது. கொய்யாக் கிளையை அதற்கு முன்பே நட்டுவிடுங்கள்.