டிவில பை ஓடலீங்களா? கேளுங்க, சொல்றேன்

ராஸ்பெர்ரி பைங்கற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரை டிவில மாட்டறதுல என்ன தொந்தரவு இருந்தாலும் அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன், நெம்பப் பேரு அனுப்பியிருக்கீங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு, லைன்ல எத்தனை பீஸ் ஓடியிருக்குன்னு காட்டற டிவி போர்டு மாட்டிக் குடுக்கறதுதான் என் பொழப்பு, ஒவ்வொரு டிவிக்குப் பின்னாலயும் ஒரு பை தொங்கும். அதுல அடிபட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

பல்லடம்: ஏனுங்ணா, பை 4 வாங்குனேன், டிவில நோ சிக்னல்னே நிக்குது. கேபிள் மாத்தியும் பாத்துட்டேனுங்க.

தம்பி, பை 4ல ரெண்டு மைக்ரோ ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், பவர் குத்தற டைப்-சி ஓட்டைக்கு ஒட்டினாப்ல இருக்கறதுதான் முதல் நம்பர், அதுல குத்துங்க. கேபிளை நல்லா உள்ள தள்ளுங்க, மைக்ரோ பின் பாதி உக்காந்தாலே உக்காந்த மாதிரி தெரியும். அப்புறம் பச்சை லைட்டைப் பாருங்க, விட்டு விட்டு மின்னுனா ஓஎஸ் இருக்கற மெமரி கார்டைப் படிக்குதுன்னு அர்த்தம், மின்னவே இல்லைன்னா டிவியை விடுங்க, கார்டைத்தான் திரும்ப எழுதணும்.

ரெண்டும் சரியா இருந்தும் படம் வரலைன்னா, டிவியை முதல்ல ஆன் பண்ணி சரியான இன்புட்ல வச்சுட்டு அப்புறம் பைக்குக் கரண்ட் குடுங்க. ஹெச்டிஎம்ஐ கேபிள்ல ஒரு கம்பி, டிவி இருக்குதுன்னு பைக்குச் சொல்றதுக்குன்னே இருக்குது, அது வராட்டி பை படமே அனுப்பாது. கரண்ட் போயி வந்தா டிவியும் பையும் ஒண்ணா எந்திரிக்கும், டிவி மெதுவா எந்திரிக்கும், அதனாலதான் காலைல ஷிப்ட்டு ஆரம்பிக்கறப்ப போர்டு இருட்டா நிக்குது. பழைய ஓஎஸ்ல கான்ஃபிக் ஃபைல்ல (config.txt) ஃபோர்ஸ் ஹாட்ப்ளக் வரியை (hdmi_force_hotplug) 1னு வச்சா சரியாயிரும். 2021ல வந்த புல்ஸ்ஐங்கற ஓஎஸ்ல இருந்து படம் அனுப்பற டிரைவர் புரோகிராமையே மாத்திட்டாங்க, இப்ப சிஎம்டிலைன் ஃபைல்ல (cmdline.txt) video=HDMI-A-1:1920x1080@60D ன்னு சேக்கணும், கடைசில பெரிய D எழுத்து வச்சா டிவி இல்லாட்டியும் படம் அனுப்பும். அந்த ஃபைல்ல இருக்கறது ஒரே வரி, அதோட கடைசில ஒரு இடம் விட்டுச் சேருங்க, என்டர் தட்டி கீழ போட்டா வேலை செய்யாது. 2023ல வந்த புக்வோர்ம் ஓஎஸ்ல இந்த ரெண்டு ஃபைலும் பூட் (boot) ஃபோல்டருக்குள்ள ஃபர்ம்வேர்ங்கற (firmware) ஃபோல்டருக்குப் போயிருச்சு, பழைய இடத்துல தேடாதீங்க.

கோபி, பள்ளிக்கூட டீச்சர்: சார், படம் வருது, ஆனா நாலு ஓரமும் வெட்டுப்படுது. மேல இருக்கற மெனுவே தெரியல.

டீச்சரம்மா, அது டிவி பண்ற வேலை. பழைய ட்யூப் டிவில ஓரம் கோணலாத் தெரியும்னு படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி ஓரத்தை மறைச்சாங்க, அந்தப் பழக்கத்தை எல்இடி டிவியும் விடலை. டிவி மெனுல பிக்சர் சைஸ்ல ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட், இல்லாட்டி 1:1னு ஏதாவது இருக்கும், அதை வைங்க. பைல கை வைக்க வேண்டியதில்லீங்க.

காங்கயம்: அப்பிச்சி வூட்டுல கவர்மெண்ட்டு குடுத்த இலவச கலர் டிவி கிடக்குது, பை 3ல இருந்து ஏவி கேபிள் போட்டேன், கருப்பு வெள்ளையா வருதுங்ணா.

கேக்கவே சந்தோசமா இருக்குது தம்பி, அந்த டிவியைத் தூக்கிப் போட்டுறாதீங்க. நம்ம நாட்டு டிவி படிக்கற சிக்னல் முறை பேரு பால் (PAL), பை சும்மா விட்டா அமெரிக்கா முறையான என்டிஎஸ்சில (NTSC) அனுப்பும், அதுதான் கலர் இல்லை. பழைய ஓஎஸ்னா கான்ஃபிக்ல எஸ்டிடிவி மோடை (sdtv_mode) 2 ஆக்குங்க. படமே வராம இரைச்சல் மட்டும் வந்தா கேபிள் வேற மாதிரி, பைல குத்தற பின்னோட நுனில இருந்து எண்ணுனா நாலாவது வளையம்தான் படம், கேமராக்கு வர்ற கேபிள்ல இடம் மாறியிருக்கும். மஞ்ச பின்னுக்குப் பதிலா செவப்பை டிவியோட மஞ்ச ஓட்டைல குத்திப் பாருங்க.

பொள்ளாச்சி: மூலைல மின்னல் படம் வருது, சித்த நேரத்துக்கு ஒருக்கா ஸ்க்ரீன் கருப்பாகுது. டிவி யூஎஸ்பில இருந்துதான் கரண்ட்டு.

டிவி யூஎஸ்பில இருந்து கரண்ட் எடுக்காதீங்க! அது பென்டிரைவுக்கு வச்சது, வழக்கமா 500 மில்லி ஆம்பியர்தான் வரும். பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் வேணும், பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர். வோல்ட்டேஜ் 4.63க்குக் கீழ போனா மின்னல் படம் வரும். டிவியை ஆஃப் பண்ணா பையும் பட்டுன்னு நிக்கும், அப்படியே கார்டும் போயிரும்.

ஈரோடு: நோ சிக்னல் வருதுங்க.

பல்லடத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

சோமனூர்: தோட்டத்துச் சாளைல செட்டாப் பாக்ஸ், டிவி, பை எல்லாம் இருக்குது. ஹெச்டிஎம்ஐ கேபிளைத் தொட்டா சுரீர்ங்குது. ஒரு டிவி போர்ட்டு போயிருச்சுங்ணா.

இது நெம்ப முக்கியம், எல்லாரும் படிங்க. ரெண்டு பின் அடாப்டருக்குள்ள சின்ன கெப்பாசிட்டர் ஒண்ணு இருக்கும், அது வழியா துளி கரண்ட் கசியும், எர்த் கிடைச்சா அங்க இறங்கிரும், இல்லாட்டி உங்க விரல் வழியா இறங்கும். அதோட கேபிள் டிவி வயர் கம்பத்துல இருந்து வருது, அதோட மேல் உறைக்கு வேற இடத்து எர்த். ரெண்டு எர்த்துக்கும் வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கறப்ப டிவி ஓட ஓட ஹெச்டிஎம்ஐயைக் குத்துனா அந்த வித்தியாசம் பூராவும் போர்ட்டு வழியா பாயும். எல்லா பிளக்கையும் புடுங்கிட்டு, கேபிள் டிவி வயரையும் கழட்டிட்டு, ஹெச்டிஎம்ஐயைக் குத்தி, அப்புறமாக் கரண்ட் குடுங்க. வயர்மேனைக் கூப்புட்டு சாக்கெட்டுல பேஸுக்கும் எர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்க, 230 பக்கம் காட்டாட்டி எர்த் இல்லைன்னு அர்த்தம். கோடைல எர்த் குழி காஞ்சிருக்கும், தண்ணி ஊத்தணும்.

அவிநாசி: இதுக்கா இத்தனை? சாக்கெட்டுல நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயர்ல சேத்தா சரியாயிருமுங்க. எங்கூட்டுல பத்து வருசமா அப்படித்தான்.

ஐயா, தயவுசெஞ்சு இன்னைக்கே அதைக் கழட்டுங்க. கம்பத்துல இருந்து வர்ற நியூட்ரல் ஒருநாள் அறுந்தா, டிவி உடம்பு, பிரிட்ஜு, கிரைண்டரு எல்லாத்துலயும் 230 வோல்ட் நிக்கும்.

அவிநாசி: டிரான்ஸ்பார்மர்ல அவங்களே நியூட்ரலை எர்த் பண்ணித்தான வச்சிருக்காங்க?

அங்க பண்ணியிருக்கறது சரிங்க, அதுக்குன்னு குழி வெட்டி இறக்கியிருக்காங்க. அங்கிருந்து உங்க வூடு வரைக்கும் வர்ற வயர் அறுந்தா அந்தக் குழி உங்களுக்கு உதவாது, நீங்க போட்ட துண்டு வயர் அறுந்த நியூட்ரலை நேரா கிரைண்டர் உடம்புல கொண்டாந்து விடும்.

சூலூர்: அண்ணா சொல்றது நிசம். நாங்களும் சேத்து வச்சிருந்தோம், கரண்ட் கசிஞ்சா சப்ளையை வெட்டற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டுனதும் நிக்கவே இல்லை, ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சு.

ஆகத்தான் செய்யும், நியூட்ரல்ல திரும்ப வேண்டிய கரண்ட்ல கொஞ்சம் எர்த்துல போனாலும் அது கசிவுன்னு எடுத்துக்கும். ட்ரிப் ஆகுதுன்னு ஆர்சிசிபியைக் கழட்டுனவங்களையும் பாத்திருக்கேன். ஐயா, ஈரக் கையோட கிரைண்டரைத் தொடறது வூட்டுப் பொம்பளைங்க, அவங்களை நெனைங்க.

கரூர்: நோ சிக்னல்.

மேல இருக்குதுங்க.

தாராபுரம்: பை 4ல 4கே 60 வரலை, 30லயே நிக்குது.

பவர் பக்கத்து ஓட்டைல போட்டு, கான்ஃபிக்ல 4கே 60 வரியை (hdmi_enable_4kp60) 1 ஆக்குங்க.

மேட்டுப்பாளையம்: ஆண்ட்ராய்டு பாக்ஸ்ல சத்தம் வரலைங்க.

அது நமக்குப் பழக்கமில்லீங்க, வாங்குன கடைல கேளுங்க.

அவிநாசி: வயர்மேன் வந்து துண்டு வயரைக் கழட்டிட்டானுங்க. எர்த் குழிக்குப் போற கம்பியே துருப்புடிச்சு அறுந்து கிடக்குதாம்.

நெம்பச் சந்தோசங்க. புதுக் கம்பி போட்டு அளந்து பாக்கற வரைக்கும் கிரைண்டரைப் போடாதீங்க, டிவி பக்கத்து ஹெச்டிஎம்ஐயையும் தொடாதீங்க.