ஒக்டோபர் 31: காலை ஒன்றுகூடலுக்கு எவற்றைச் சொல்லலாம்?

ஒட்டுசுட்டான் பாடசாலைக் காலை ஒன்றுகூடலில் வாசிப்பதற்கு, ஒக்டோபர் 31 இல் நிகழ்ந்தவற்றைக் கேட்டிருந்தீர்கள், ஆசிரியரே. வன்னியை ஆண்ட தமிழ் மன்னன் பண்டாரவன்னியனிலிருந்தே தொடங்குங்கள்; உங்களுக்கு அருகே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்தில் நாட்டப்பட்ட நினைவுக்கல்லின் வாசகம், ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவரை 1803 இல் இந்நாளில் தோற்கடித்ததாக மட்டுமே கூறுவதால், சிலர் எழுதுவதுபோல் இதனை அவர் இறந்த நாளாக அறிவிக்காமல், போரில் தோல்வியுற்ற நாள் என்று சொல்வதே பொருத்தம். 1984 இல் இந்திரா காந்தி புதுடில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே நாளில்தான்; அதற்கு ஒரு வரி போதும். கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், திருச்சபையின் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்த தமது 95 கருத்துரைகளைப் பேராயருக்கு அனுப்பிய 1517 ஒக்டோபர் 31 மட்டும் சற்றுச் சிக்கலானது (மாணவர்கள் இதைத்தான் விரும்பிக் கேட்பார்கள்): நாம் இன்று பயன்படுத்தும் கிரகோரியன் நாட்காட்டி 1582 இலேயே நடைமுறைக்கு வந்தமையால், அது பழைய ஜூலியன் கணக்கின்படியான திகதி, இன்றைய கணக்கில் நவம்பர் 10 ஆகும்.