நோய்க்குப் பெயர் கிடைக்கும்வரை: அரிய நோய்கள் பற்றிக் கேள்வி பதில்

மரபணு நோய்களையும் வளர்சிதைமாற்ற நோய்களையும் பார்த்தே எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அரிய நோய்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வரிக் கேள்வியைப் படித்துவிட்டு "உங்களுக்கு இன்ன நோய்" என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

கேள்வி: எத்தனை பேருக்கு இருந்தால் அது அரிய நோய்?

ஊருக்கு ஒரு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் இல்லையென்றால் அரியது. அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடு முழுவதும் 2 லட்சம் பேருக்கும் குறைவாக இருக்க வேண்டும். தனித்தனியே பார்த்தால்தான் இவை அரியவை. எல்லாவற்றையும் கூட்டினால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோய்கள், உலகெங்கும் சுமார் 30 கோடிப் பேர். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனியாளாக நிற்பதுதான் கொடுமை.

கேள்வி: வயது 31. சிறுவயதில் ஓயாத வயிற்றுப்போக்கு. பதினேழு வயதில் இரண்டு கண்ணிலும் புரை, அறுவை சிகிச்சை ஆயிற்று. இரண்டு ஆண்டுகளாக நடை தள்ளாடுகிறது. குடல் மருத்துவர், கண் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் என்று ஆளுக்கொரு கோப்பு வைத்திருக்கிறார்கள். இவை ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருக்குமா, டாக்டர்?

மேலே போட்ட விதியைச் சற்றே தளர்த்துகிறேன். உங்களுக்கு இதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வரிசையைக் கேட்டதும் எனக்குக் காது நிமிர்கிறது.

செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமாடோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர், நாங்களே சுருக்கித்தான் சொல்வோம். கல்லீரல் பித்த அமிலம் செய்யும் வேலையில் ஒரு நொதி பழுதாகிவிடும். அதனால் கொலெஸ்டனால் என்ற கொழுப்புப் பொருள் இரத்தத்தில் பெருகி, கண்வில்லையிலும் தசைநாண்களிலும் மூளையிலும் போய்ப் படியும். குழந்தையில் வயிற்றுப்போக்கு, பதின்வயதில் கண்புரை, பிறகு குதிகால் நாணில் தடிப்பு, அதற்கும் பிறகு நடையும் நினைவும் கெடுவது என்று பத்து இருபது ஆண்டுகளில் அது நிதானமாக நடந்து வரும். ஒவ்வொரு மருத்துவரும் தம் முன்னால் வந்த துண்டைச் சரியாகவே பார்த்திருப்பார். துண்டுகளை ஒட்டிப் பார்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இருந்திருக்காது.

இப்படி ஒருவர் வந்தால் நான் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வேன். நாற்காலியில் முட்டிபோட்டு நிற்கவைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குதிகால் நாணை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்ப்பேன். இழுத்துக் கட்டிய கயிறு போல இருக்க வேண்டியது, சிலருக்குத் திரண்டு, கெட்டியாக, விரலுக்கு அடங்காமல் இருக்கும். இல்லாமலும் போகலாம். ஆகவே விரலை மட்டும் நம்பாமல் இரத்தத்தில் கொலெஸ்டனால் அளவைப் பார்க்க வேண்டும். வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இது தெரியாது. அதில் எல்லாம் சரியாக இருப்பதாகவே வரக்கூடும்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், இதற்கு மருந்து உண்டு. பித்தப்பைக் கற்களைக் கரைக்கக் கொடுத்துவந்த கீனோடிஆக்ஸிகோலிக் அமிலம்தான் அது. மூளை பாதிக்கப்படும் முன் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். தாமதமானால் போனதெல்லாம் திரும்பாது. மூன்று கோப்புகளையும் ஒரே பையில் போட்டு, மூன்றையும் படிக்கும் ஒருவரிடம் இந்த மாதமே போங்கள்.

கேள்வி: என் தங்கைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை தாங்க முடியாத வயிற்றுவலி வருகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. குடல்வாலையும் எடுத்தாகிவிட்டது. இப்போது "எல்லாம் மனம்தான்" என்கிறார்கள்.

மனம் வயிற்றை வலிக்கச் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதுவும் கிடைக்காதபோது எழுதி வைக்கும் மிச்சப் பெயராக மனநோயை ஆக்கிவிட்டார்கள் என்பதில் எனக்கு ஆத்திரம் உண்டு. மனநோய்க்கும் அதற்கே உரிய அறிகுறிகள் இருக்கின்றன. அவை இருந்தால்தான் அந்தப் பெயர் எழுத வேண்டும்.

போர்ஃபிரியா என்பது இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளைச் செய்யும் வேலையில் ஒரு நொதி பழுதாகும் நோய். அதில் திடீரென்று தாக்கும் வகைகளை உங்கள் தங்கைக்குப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். அதில் வலி குடலிலிருந்து வருவதில்லை, நரம்பிலிருந்து வருகிறது. நோயாளி துடிப்பார், மருத்துவர் வயிற்றில் கை வைத்தால் மெத்தென்று இருக்கும். அதனாலேயே நடிக்கிறார் என்ற பட்டமும் கிடைக்கும். பட்டினி, மது, மாதவிடாய்ச் சுழற்சி, சில மருந்துகள் இவையெல்லாம் வலியைத் தூண்டும். சில தூக்க மருந்துகளும் வலிப்பு மருந்துகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. வலிக்கு என்று கொடுக்கும் மருந்தே நிலைமையை மோசமாக்குவதும் உண்டு.

பரிசோதனை எளிது, நேரம்தான் முக்கியம். வலி இருக்கும்போதே சிறுநீர் பிடித்து, வெளிச்சம் படாமல் மூடி, இந்த நோயில் தேங்கும் போர்போபிலினோஜன் என்ற பொருளின் அளவு பார்க்க வேண்டும். வலி அடங்கிய பிறகு பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்றால் அதை நம்ப முடியாது. சிலருக்குச் சிறுநீரைச் சற்று நேரம் வெளிச்சத்தில் வைத்தால் கருஞ்சிவப்பாக மாறும். வீட்டில் அப்படி யாராவது கவனித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு எக்ஸோம் பரிசோதனை செய்தோம். ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அப்படியென்றால் மரபணு நோய் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. "இந்தப் பரிசோதனையில், இன்றைய அறிவில், அகப்படவில்லை" என்பதுதான் அதற்குப் பொருள். எக்ஸோம் என்பது புரதம் செய்யச் சொல்லும் பகுதிகள் மட்டும், மொத்த மரபுத்தொகுதியில் நூற்றுக்கு ஓரிரு பங்கு. மரபணுவில் ஒரே எழுத்துத் தொடர் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வரும் நோய்கள் அதில் பெரும்பாலும் நழுவிவிடும். ஃப்ரீட்ரிக் தள்ளாட்ட நோய் அப்படிப்பட்டது. பரிசோதனை செய்து பார்ப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் விடை கிடைக்கிறது.

மூலத் தரவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஓரிரண்டு ஆண்டு கழித்து அதே தரவை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். புதிது புதிதாக மரபணுக்கள் நோயோடு இணைக்கப்படுவதால், இரத்தம் எடுக்காமலே விடை வந்தவர்கள் உண்டு. ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தில் என்ன எழுதினார்கள் என்றும் பாருங்கள். "வளர்ச்சிக் குறைவு" என்று இரண்டே சொல்லில் எழுதி அனுப்பினால், படிப்பவர் இருட்டில் ஊசி தேடுவார்.

"பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று ஏதாவது வந்திருந்தால் அதை நோய் என்று எண்ணி அழவும் வேண்டாம், விடை என்று எண்ணித் தேடலை நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் இருவர் குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. நாங்கள் உறவுக்குள் மணந்தவர்களும் அல்ல. குழந்தைக்கு எப்படி வந்தது?

இருவரும் ஒரே மரபணுவின் பழுதான பிரதியை ஆளுக்கொன்று சுமந்திருக்கலாம். சுமப்பவருக்கு அது தெரியாது. அல்லது பழுது குழந்தையில்தான் புதிதாகத் தோன்றியிருக்கலாம். முதல் வகையென்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் தேடி ஒரு நோயின் பெயரைக் கண்டுபிடித்தேன். மருத்துவரிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார். சொல்லக் கூடாதா, ஐயா?

சொல்லுங்கள், ஆனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் நீங்கள் பார்த்தது, பிறகு நீங்கள் படித்தது. பெயரைத் தூக்கி மேசையில் வைத்தால் அந்தப் பெயரோடுதான் மருத்துவர் வாதாடுவார். அறிகுறியைச் சொன்னால் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

நார்வேயில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள், இருவருக்கும் மூளை வளர்ச்சி இல்லை. குழந்தைகளிடம் ஒரு விநோதமான வாடை வருகிறது என்று அவர் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பல மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. 1934இல் ஆஸ்பியோர்ன் ஃபெல்லிங் என்பவர் பொருட்படுத்தினார். அவர் வேதியியலும் படித்தவர். சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடைச் சொட்டியபோது எதிர்பாராத பச்சை நிறம் வந்தது. அந்தப் பச்சையின் பின்னால் போய்த்தான் ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோயைக் கண்டுபிடித்தார். உணவுப் புரதத்தில் உள்ள ஒரு பொருளை உடலால் உடைக்க முடியாமல் போவது அது. 1960களில் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தத்திலேயே அதைக் கண்டறிய வழி செய்தார். இன்று பிறந்த சில நாள்களில் கண்டுபிடித்து உணவை மாற்றிவிட்டால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறது. அந்தத் தாயிடம் நோயின் பெயர் ஏதும் இருக்கவில்லை, ஒரு வாடைதான் இருந்தது.

கேள்வி: பெயர் கிடைத்துவிட்டது, மருந்து இல்லை என்கிறார்கள். பிறகு எதற்கு இத்தனை அலைச்சல்?

நியாயமான கோபம். அரிய நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று பொதுவாகச் சொல்கிறார்கள், அனுமதிக்கப்பட்ட தனி மருந்து கிடையாது.

இருந்தாலும் பெயருக்குப் பயன் உண்டு. செய்யக் கூடாததை அது நிறுத்தும். தசையும் தசைநாணும் எலும்பாக மாறும் ஒரு நோய் இருக்கிறது. கால் பெருவிரல் பிறக்கும்போதே குட்டையாக, வளைந்து இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. பிறகு முதுகில் வீக்கம் வரும். புற்றோ என்று பயந்து திசுவை வெட்டி எடுப்பார்கள். வெட்டிய இடத்திலேயே புது எலும்பு முளைக்கும். தசையில் போடும் ஊசியும் அதையே செய்யும். பெருவிரலைப் பார்த்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது.

மருந்து வேறு எங்கிருந்தாவது வரவும் செய்யும். களைக்கொல்லி ஆராய்ச்சியில் பிறந்த நிட்டிசினோன், புரதத்தில் உள்ள டைரோசின் என்ற பொருளை உடைக்க முடியாத முதல் வகை டைரோசினீமியா நோய்க் குழந்தைகளின் கல்லீரலைக் காப்பாற்றியது. அதே மருந்தை 2020இல் அல்காப்டோனூரியாவுக்கும் ஐரோப்பா அனுமதித்தது. அது சிறுநீர் கறுக்கும் நோய், நாளடைவில் மூட்டும் தேயும். குடும்பத்தில் இறங்கி வருவது என்று ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். நடுவில் 118 ஆண்டு. இதைச் சொல்லி யாருக்கும் ஆறுதல் தர முடியாது என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: ஒரே ஒரு குழந்தைக்காக மரபணு மருந்து செய்தார்களாமே?

உண்மைதான். 2025இல் பிலடெல்பியாவில் நடந்தது. இரத்தத்தில் அம்மோனியா ஏறும் ஒரு நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தை. அதன் மரபணுவில் இருந்த அதே ஒரு பிழையைத் திருத்த ஒரு மருந்தை உருவாக்கி, சுமார் ஆறு மாதத்துக்குள் கொடுத்தார்கள். புரதம் சற்றுக் கூடுதலாகச் சாப்பிட முடிந்தது, மற்ற மருந்தைக் குறைக்க முடிந்தது. முழுக் குணம் என்று செய்தவர்களே சொல்லவில்லை. ஊசியில் போகும் இந்த வகை மருந்து கல்லீரலுக்கு எளிதாகப் போய்ச் சேரும், மூளைக்கும் தசைக்கும் அப்படிப் போவதில்லை. செய்தியைப் படித்ததும் "எங்களுக்கும் முடியுமா" என்று கேட்பவர்களிடம், எந்த உறுப்பு என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

கேள்வி: நீங்கள் தவறவிட்டது உண்டா?

உண்டு. பயிற்சிக் காலத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். மதிப்பெண் சரிந்திருந்தது, வீட்டில் சண்டை, கையெழுத்து கோணல். பதின்வயதுக் கோளாறு என்று எழுதி அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, கை நடுங்க, பேச்சுக் குழற வந்தான். கண் மருத்துவர் கருவியில் பார்த்தபோது கருவிழி ஓரத்தில் பழுப்பு நிற வளையம். வில்சன் நோய், உடலில் செம்பு தேங்குவது. 1956 முதல் மருந்து இருக்கிற நோய். இப்போதெல்லாம் இளம் வயதில் கையெழுத்து மாறியது என்று யார் சொன்னாலும் இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செரூலோபிளாஸ்மினும் 24 மணிநேரச் சிறுநீரில் செம்பும் பார்க்க எழுதிவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.

கேள்வி: அடுத்த வாரம் முதன்முறையாக மரபணு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஒரே ஒரு தாள். எந்த வயதில் என்ன தொடங்கியது என்று தேதி வரிசையில். எந்த மருந்து கொடுத்து என்ன ஆயிற்று என்பதும் அதில் இருக்கட்டும். வலிப்போ நடுக்கமோ வந்து போவதாக இருந்தால் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், என் முன்னால் அது வரவே வராது. குடும்பத்தில் சிறுவயதில் இறந்தவர்களைப் பற்றிப் பாட்டி, பெரியம்மா யாரிடமாவது கேட்டு வாருங்கள்.

பழைய புகைப்படங்களையும் கொண்டுவாருங்கள். இரண்டு வயதில் முகம் எப்படி இருந்தது, ஐந்து வயதில் எப்படி நின்றான் என்பது ஸ்கேனில் வராது. கல்யாண வீடியோ இருந்தால் அதுவும் வேண்டும். மணமக்களை நான் பார்க்கப்போவதில்லை. பின்னால் நடந்துபோகும் தாத்தாவின் நடை எனக்குத் தேவைப்படும்.