சுற்றாடல் விஞ்ஞானம் படித்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

அம்மா, மகளின் பெறுபேறு வந்த நாளில் இருந்து வீட்டில் நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாது, மூன்றாந் தடவை எடு என்றால் பிள்ளை மறுக்கிறாள், வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். "பூவும் பறவையும் பார்க்கிற படிப்புக்கு ஆர் வேலை தரப்போகினம்?" என்பது உங்கள் கேள்வி. சோறு போடுமா என்று கேட்காமல் பிள்ளையை ஒரு படிப்புக்கு அனுப்ப முடியாது. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விடுங்கள், படிக்கட்டும். ஆனால் பட்டத்தை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம். இந்தத் துறையில் எங்கள் மண்ணையும் தண்ணீரையும் அளந்து, அளந்ததைத் தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளைக்குத்தான் வேலை இருக்கிறது.

ஏன் என்று உங்கள் வளவுக் கிணற்றில் இருந்தே சொல்லலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடும், கோடையில் காய்ந்துவிடும். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதைத்தான். நன்னீர் கடல்நீரை விட அடர்த்தி குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் அடிப்படைக் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் தெரியும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 1 மீற்றர் நிரந்தரமாக இறக்கிவிட்டால், கீழே உவர் 40 மீற்றர் ஏறிவர இடமுண்டு. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதைச் சின்ன வயதில் அதிசயமாகக் கேட்டிருப்பீர்கள். உங்கள் மகள் அதற்குக் காரணம் சொல்லப் படிக்கப் போகிறாள்.

உவர் ஒரு பக்கம், உரத்தாலும் மலக்கழிவாலும் தண்ணீரில் சேரும் நைத்திரேற்று இன்னொரு பக்கம். செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போடுகிற உரமும், கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழியும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் நேரே கீழே இறங்கிவிடும். குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவும் திறனை இழக்கலாம். இதைக் கண்டுபிடிக்கிற வேலை பார்ப்பதற்குச் சின்னது. போத்தலை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசி நிரப்ப வேண்டும். எடுத்த நேரம், நீர்மட்டம், குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறது, கடைசியாக உரம் போட்டது எப்போது என்று கொப்பியில் எழுத வேண்டும். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்துத் தாமதமில்லாமல் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். இதில் ஒரு வரி விடுபட்டாலும் அந்த அளவீட்டை வைத்து எவரும் ஒன்றும் செய்ய முடியாது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அப்படியான வழக்குகளில் சட்டத்தரணியின் வாதம் நிற்பதும் சரிவதும் யாரோ ஒருவர் ஒழுங்காக எடுத்த தண்ணீர் மாதிரிகளில்தான்.

இனி வேலைவாய்ப்பு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உருவானது மத்திய சுற்றாடல் அதிகார சபை. அரிசி ஆலையோ வாகனச் சேவை நிலையமோ பெரிய ஹோட்டலோ நடத்த, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு நேரில் போய்ப் பார்க்கவும், அளக்கவும், அறிக்கை எழுதவும் ஆள் வேண்டும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள், நீர்வளச் சபை, கரையோரம் பேணல் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், கடற்றொழில் சார்ந்த நிறுவனங்கள் என்று அரச பக்கம் கதவுகள் பல. ஆனால் அரச நியமனம் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. பட்டத்தை எடுத்துவிட்டு வீட்டில் காத்திருந்த பிள்ளைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

தனியார் பக்கம் இப்போது நகர்கிறது. மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாற்று. அது நிற்கும் தீவோ வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம். இப்படியான திட்டம் எதுவானாலும் பறவைகளை எண்ணி, பறக்கும் உயரம் குறித்து, தாக்க மதிப்பீடு எழுத ஆட்கள் தேவை. எங்கள் களப்புகளில் கடலட்டைப் பண்ணைகள் பெருகி, மீனவர் சங்கங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கிறது. கடலடியில் புல்லாக வளரும் கடற்தாழைப் படுக்கைக்கு என்ன நடக்கிறது என்று பக்கம் சாராமல் அளந்து சொல்ல உள்ளூர்ப் பிள்ளைகள் போதாது. ஆலோசனை நிறுவனங்கள் கேட்பது வரைபட மென்பொருள், புள்ளிவிபரவியல், ஆங்கிலத்தில் அறிக்கை. சிங்களமும் கட்டாயம் பழகட்டும். கொழும்பு அலுவலகத்தோடு நேரே பேசத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் துறையில் மதிப்பு அதிகம். வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். கம்பஸ் தொடங்கும் வரை கிடக்கிற மாதங்களில் வீட்டுக் கணினியிலேயே பழகலாம்.

போட்டிப் பரீட்சைகளுக்கான பொது அறிவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரியூசன் கொப்பியில் சுற்றாடல் பகுதி வெறும் ஆண்டுகளின் வரிசையாகக் கிடக்கிறது என்று மகள் சலித்துக்கொண்டாளாம். அவள் சொல்வது சரி. ஒவ்வொரு ஆண்டையும் தெரிந்த ஓர் இடத்தோடு சேர்த்துப் படிக்கட்டும். ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கை 1971. அதன் பட்டியலில் இலங்கைக்கு உள்ள ஆறு இடங்களில் எங்களுக்குக் கிட்ட இருப்பது மன்னார் வங்காலை, சேர்ந்தது 2010இல். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசிய பூங்கா. நெடுந்தீவும் அதே ஆண்டில்தான் தேசிய பூங்காவானது. உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை 1992. உலகின் உயிர்ப்பல்வகைமைச் செறிவிடங்களில் இலங்கையை மேற்குத் தொடர்ச்சி மலையோடு சேர்த்து ஒன்றாகவே எண்ணுவார்கள். அந்தப் பட்டியலில் இடம்பெற, வேறெங்கும் இல்லாத தாவர இனங்கள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும், இயற்கைத் தாவரப் போர்வையில் 70 வீதமாவது அழிந்தும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பிள்ளைகள் அநேகமாக மறந்துவிடுவார்கள், பரீட்சை கேட்பதோ அதைத்தான். அழிவாபத்துப் பட்டியலைப் படிக்கும்போது பாக்கு நீரிணையின் கடற்பசுவை நினைக்கட்டும். அது தின்பது கடற்தாழை. அடியை வாரும் இழுவைமடி அந்தக் கடற்தாழையைத்தான் பிடுங்குகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. ஒரு விலங்கு, அதன் உணவு, ஒரு தொழில், ஒரு சட்டம் நான்கும் இப்படி ஒன்றாக மனதில் நின்றுவிடும்.

பூநாரையும் அப்படித்தான். மாரி முடிந்த காலத்தில் அரியாலைப் பக்கமோ மண்டைதீவுப் பாதையிலோ ஒரு காலை அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தலையைக் கவிழ்த்துச் சொண்டால் நீரை வடித்து மேயும் அந்தப் பறவைக்கு இளஞ்சிவப்பு நிறம் வருவது உணவில் உள்ள நிறப்பொருளால். உணவுச் சங்கிலி என்ற பாடத்தை அங்கே கரையில் நின்றே படித்துவிடலாம்.

பொம்பிளைப் பிள்ளை வெயிலிலும் கடற்கரையிலும் திரிவதா என்ற உங்கள் பயமும் எனக்கு விளங்குகிறது. களவேலை குழுவாகத்தான் நடக்கும், பெரும்பகுதி நேரம் ஆய்வுகூடத்திலும் கணினி முன்னாலும் கழியும். இருந்தாலும் களமே வேண்டாம் என்று கட்டுப்படுத்தி இந்தப் படிப்புக்கு அனுப்புவதை விட அனுப்பாமல் விடுவது நல்லது.

விண்ணப்பப் படிவத்தில் விருப்ப வரிசையை அவசரப்பட்டு நிரப்பிவிடாதீர்கள். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது, சுற்றாடல் விஞ்ஞானம் அங்கே பிரயோக விஞ்ஞான பீடத்தில். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடத்துத் தாவரவியல், விலங்கியல், கடற்றொழில் துறைகளும் கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடமும் இருக்கின்றன. தூரம் பிரச்சினை இல்லை என்றால் ஜயவர்த்தனபுரவில் வனவியல் மற்றும் சுற்றாடல் விஞ்ஞானத் துறையும், ருகுணுவில் கடல் விஞ்ஞானமும் பார்க்கலாம். என் வரிசை கேட்டால், வேதியியலில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைக்கு வவுனியாவை மேலே வைப்பேன், தண்ணீர் சார்ந்த வேலைக்கு வேதியியல்தான் கைகொடுக்கும். உயிரியலில்தான் கெட்டி என்றால் யாழ்ப்பாண விஞ்ஞான பீடம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலையும் மூன்று பாடங்களின் பெறுபேற்றையும் எடுத்துக்கொண்டு, படிவத்தை அனுப்பும் முன் மகளோடு ஒருதரம் வாருங்கள். கேள்விகளை அவளே எழுதிக்கொண்டு வரட்டும்.