வாசகர் கேள்வி–பதில்: ஒரே டீத்தூள், இரண்டு ஊர், இரண்டு ருசி

ஏலக்காய், இஞ்சி, மல்லிகை, எலுமிச்சை என மணம் சேர்த்த டீ வகைகளைச் சுவைப்பது பற்றியும், அவற்றை மாதிரியாக மாற்றிக்கொள்வது பற்றியும் தேனி, இடுக்கி எல்லைப் பகுதி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: மூணாறில் இருக்கும் என் மதினியும் நானும் டீத்தூள் மாதிரிகளை மாற்றிக்கொள்வோம். ஒரே பாக்கெட் ஏலக்காய் டீயைப் பாதி பாதியாகப் பிரித்துப் போட்டோம். மணம் தூக்கலாக இருக்கிறது, டீ இதமாக இருக்கிறது என்கிறார் மதினி. எனக்கோ தொண்டையில் கடுக்கிறது, ஏலக்காய் இருக்கும் இடமே தெரியவில்லை. யார் நாக்கில் கோளாறு?
– ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

ப: இருவர் நாக்கும் சரிதான். தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் ஒரு டிகிரி குறையும். அதனால் மூணாறில் 95 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். போடியில் அது 99 டிகிரி. இந்த நாலு டிகிரி வித்தியாசத்தில் தூளிலிருந்து துவர்ப்பு கூடுதலாக இறங்கும். உங்கள் தொண்டையில் கடுப்பது அதுதான்.

அடுத்தது உப்பு. நீங்கள் போர் தண்ணீரில் போட்டிருந்தால், டீ ஆறும்போது மேலே மெல்லிய ஆடை படிகிறதா என்று பாருங்கள். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் டீயின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டாகும் படலம் அது. இப்படிப்பட்ட தண்ணீரில் டீ கறுத்து மங்கும், சுறுசுறுப்பு போய்விடும், மணமும் அமுங்கிவிடும். மலை ஓடைத் தண்ணீரில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது கரண்டிக் கணக்கு. ஒரு டீஸ்பூன் டஸ்ட் எடுத்தால் கிட்டத்தட்ட 3 கிராம் வரும். அதே கரண்டியில் பூவிதழ் கலந்த பெரிய இலை 1 கிராம்கூடத் தேறாது. கரண்டியால் அளந்து இரண்டு டீயை ஒப்பிட்டால் அது ஒப்பீடே அல்ல. நகை எடை பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று இரு வீட்டிலும் இருக்கட்டும்.

தேயிலையின் தரம் பார்க்க ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேச முறை உண்டு. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். குற்றம் குறை தெரிய வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று திடமாகப் போடும் முறை அது. மணம் சேர்த்த டீக்கு 6 நிமிடம் அதிகம். துவர்ப்பு ஏறி மணத்தை மூடிவிடும். 2 கிராம், 100 மில்லி என்ற கணக்கை வைத்துக்கொண்டு நேரத்தை 4 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் ஒரே கம்பெனியின் கேன் தண்ணீர் வாங்குங்கள். சமையலறை வெப்பமானி வைத்து இருவரும் 94 டிகிரியில் ஊற்றுங்கள். நீங்கள் கொதித்த பிறகு சற்றுப் பொறுக்க வேண்டும். மதினி அடுப்பிலிருந்து இறக்கியதும் ஊற்றிவிட வேண்டும். மூணாறுக் குளிரில் பீங்கான் கோப்பையே சில டிகிரியைக் குடித்துவிடும், ஆகவே முதலில் வெந்நீர் ஊற்றிக் கோப்பையைச் சூடாக்கிக் கொட்டிவிட்டுத் தூளைப் போடச் சொல்லுங்கள். நாலு நிமிடமும் மேலே ஒரு தட்டு மூடியிருக்க வேண்டும். மூடாமல் வைத்தால் ஏலக்காய் மணம் ஆவியோடு அறைக்குள் போய்விடும்.

வடிகட்டியதும் குடிக்காதீர்கள். முதலில் வடிகட்டியில் தங்கிய சக்கையை மூக்கருகே பிடித்து முகருங்கள். பிறகு சூடு 55 டிகிரி அளவுக்கு இறங்கியதும் கரண்டியால் எடுத்து, சத்தம் வந்தாலும் பரவாயில்லை, காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள். மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறினால்தான் அது ஏலக்காயா வெறும் சென்ட்டா என்று தெரியும். வெதுவெதுப்பாக ஆறியதும் இன்னொரு முறை. சூட்டில் மறைந்திருந்த குறை ஆறின டீயில் வெளியே வரும்.

கே: ஏலக்காய் டீயை வீட்டிலேயே கலந்து நண்பருக்கு மாதிரி அனுப்புகிறேன். நான் மேலாக எடுத்துப் போட்டால் வெறும் டீ. அவருக்குப் போனது ஏலக்காய்க் கஷாயம். அளவு என்ன, கலப்பது எப்படி?
– ஒரு வாசகர், கம்பம்

ப: இடித்த ஏலக்காயும் டீத்தூளும் ஒரே அளவு துகள் அல்ல. டப்பாவை எடுத்து வைக்கும்போதும் வண்டியில் குலுங்கும்போதும் நுண்ணிய பொடி அடியில் இறங்கும், பெரிய துகளும் தோலும் மேலே வரும். மேலாக ஒரு கரண்டி அள்ளினால் அது அந்தக் கலவையே இல்லை.

முதலில் அளவு. பால் சேர்க்காமல் குடிக்க 100 கிராம் தூளுக்கு 2 முதல் 3 கிராம் ஏல விதை. நல்ல 8 மி.மீ. காய் 12 முதல் 15 உரித்தால் அவ்வளவு கிடைக்கும். பால் டீக்கு இதைப்போல இரண்டு மடங்கு. பாலின் கொழுப்பு மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலைச் சேர்க்காதீர்கள். அதில் மணம் குறைவு, கலவை பிரிவதற்கும் அதுதான் முக்கியக் காரணம். டீக்காக 8 மி.மீ. ரகமே வாங்க வேண்டும் என்றும் இல்லை. காய் சிறிதாக இருந்தாலும் பச்சை மாறாமல், வாய் வெடிக்காமல் இருக்கட்டும். உரித்தால் விதை கறுப்பாகப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டட்டும். விதை வெளுத்து உலர்ந்து உதிர்ந்தால் மணம் போன சரக்கு, எவ்வளவு போட்டாலும் பயனில்லை.

விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். டீத்தூள் பக்கத்தில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈர ஏலக்காயோடு மூடிவைத்தால் சில வாரத்தில் தூள் நமுத்து, மக்கிய வாடை வரும். விதையை ரவை அளவுக்கு இடியுங்கள், மாவாக அரைக்காதீர்கள். தூளும் கிட்டத்தட்ட அதே அளவாக இருந்தால் பிரிவது குறையும். சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும்) தூளில் பி.பி., பி.எப். ரகங்கள் இதற்குத் தோதானவை. சூப்பர் பைன் டஸ்ட் வேண்டாம்.

மாதிரி பிரிக்கும்போது டப்பாவிலிருந்து அள்ளாதீர்கள். முழுவதையும் சுத்தமான தாளில் கூம்பாகக் கொட்டி, உச்சியைத் தட்டையாக்கி, அட்டையால் நாலு பங்காக வகுங்கள். எதிரெதிர்ப் பங்கு இரண்டை எடுத்துச் சேர்த்து, மறுபடி கூம்பாக்கி வகுங்கள். வேண்டிய எடை வரும்வரை இப்படியே. தானியத்துக்கும் தாதுவுக்கும் ஆய்வுக்கூடங்களில் இந்த முறையிலும் மாதிரி எடுப்பார்கள்.

கே: ஒரு மாதிரிக்கு எத்தனை கிராம் அனுப்பலாம்? எதில் கட்டுவது?
– ஒரு வாசகர், சாந்தன்பாறை

ப: சாதாரணத் தூள் என்றால் 10 கிராம். மூன்று தடவை போட 6 கிராம், ஒரு தடவை கெட்டுப்போனால் கையில் மீதி. பழத்துண்டு, பூவிதழ், பட்டைத் துண்டு கலந்தது என்றால் 25 கிராமுக்குக் குறைத்து அனுப்பாதீர்கள். 2 கிராம் எடுக்கும்போது ஒரு கோப்பையில் மூன்று துண்டு விழும், இன்னொன்றில் ஒன்றும் விழாது. இந்த வகையை 5 கிராம், 250 மில்லி என்று பெரிதாகப் போடுவதே நல்லது.

சாதாரணப் பாலித்தீன் கவர் உதவாது. மணம் உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் போகும். புதினா டீயும் வெறும் டீயும் ஒரே பெட்டியில் இரண்டு நாள் இருந்தால் இரண்டும் புதினாதான். உள்ளே அலுமினியப் பூச்சுள்ள ஜிப் கவர் வாங்கி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு அதே மாதிரிக் கவரில் போடுங்கள். பழைய ஊறுகாய் பாட்டில், மசாலா டப்பா, செய்தித்தாள் மூன்றும் வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போடிமெட்டு வழியாகப் போகும் ஜீப்பில் ஏல மூட்டைக்கு நடுவே டீ மாதிரியைக் கொடுத்தனுப்பினால் எல்லா மாதிரியும் ஏலக்காய் டீயாகத்தான் இறங்கும். மூடியில் ரப்பர் உள்ள தகர டப்பாவில் வைத்துக் கொடுங்கள்.

கவர்மேல் ரகம், பாக்கெட் செய்த மாதம், உடைத்த தேதி, எடை, நீங்கள் போட்ட சூடு, நிமிடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் அபிப்பிராயத்தை மட்டும் எழுதாதீர்கள். "அருமையான பெர்கமட்" (எலுமிச்சை இனப் பழம் ஒன்றின் மணம்) என்று படித்துவிட்டுக் குடிப்பவர் நாக்கில் பெர்கமட் தெரியத்தான் செய்யும்.

கே: லெமன் டீ பாக்கெட்டில் பால் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, தேவிகுளம்

ப: கூடாது. புளிப்பில் பால் திரியும். செம்பருத்தி கலந்த டீக்கும் இதே பதில்.

இஞ்சி டீயில் பால் திரிவது வேறு காரணம். பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, கொதியில் அது செயலிழக்கும். இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் 3, 4 நிமிடம் கொதிக்கவிட்ட பிறகு பாலை ஊற்றுங்கள்.

கே: பாக்கெட்டைத் திறந்தால் அறையே மணக்கிறது. டீ போட்டால் ஒன்றுமில்லை. ஏமாற்றுகிறார்களா?
– ஒரு வாசகர், வண்டிப்பெரியாறு

ப: பெரும்பாலும் இல்லை. கடைகளில் வரும் மணமூட்டிய டீ பலவற்றில் செய்வது இதுதான்: தேயிலைமேல் எண்ணெயோ மண எசென்ஸோ தெளித்துப் புரட்டுகிறார்கள். மணம் இலையின் மேற்பரப்பில் இருக்கிறது, ஆகவே முதல் மூச்சில் முழுவதும் வந்துவிடும். அதைப் பாத்திரத்தில் போட்டுப் பாலோடு கொதிக்கவைத்தால் மிச்சமும் ஆவியாகப் போகும். எசென்ஸ் சேர்த்த டீயை எப்போதும் அடுப்பை அணைத்த பிறகு போட்டு, மூடி, 3 நிமிடத்தில் வடிகட்டுங்கள். பட்டை, கிராம்பு, சுக்கு போன்றவை இதற்கு நேர் எதிர், கொதித்தால்தான் இறங்கும். இரண்டும் கலந்த மசாலா டீ என்றால் மசாலாவை முதலில் தனியே கொதிக்கவைத்து, தூளைக் கடைசியில் போடுங்கள்.

எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமட் ஆகியவற்றின் எண்ணெய் காற்றுப்பட்டுச் சீக்கிரம் கெடும். பாக்கெட்டை உடைத்த மூன்று மாதத்தில் அது தரை துடைக்கும் திரவம்போல் வாடை அடிக்க ஆரம்பித்தால் காரணம் இதுதான்.

கே: வீட்டுக் கொல்லையில் குண்டுமல்லி பூக்கிறது. மல்லிகை டீ செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, உத்தமபாளையம்

ப: முடியும். சீனாவின் ஃபூஜோவில் மல்லிகை டீக்கு எடுப்பதும் இந்தக் குண்டுமல்லி இனம்தான். சந்தையில் வாங்கிய பூவில் மட்டும் செய்யாதீர்கள். தலையில் சூட வளர்த்த பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள், அது சாப்பிடுவதற்கானது அல்ல.

100 கிராம் கிரீன் டீக்கு 50 கிராம் மொட்டு. மறுநாள் விரியவேண்டிய மொட்டை அல்ல, அன்று இரவு விரியப்போகும் வெள்ளை மொட்டைப் பிற்பகலில் பறியுங்கள். மொட்டு வாய் திறக்கத் தொடங்கும் இரவு 8 மணி வாக்கில், அகலமான பாத்திரத்தில் டீ ஒரு அடுக்கு, பூ ஒரு அடுக்காகப் பரப்பித் துணியால் மூடுங்கள். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை கிளறிவிடுங்கள். குவியல் கையில் சூடாகப் பட்டால் பூ புழுங்குகிறது என்று அர்த்தம், உடனே பரப்பிவிட வேண்டும். விடிந்ததும் ஒரு பூவும் விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பூ பழுப்பாகும் வரை விட்டால் வெந்த கீரை வாடை ஏறும், அதை எடுக்க வழியே கிடையாது.

இப்போது தேயிலை பூவின் ஈரத்தைக் குடித்திருக்கும். அப்படியே டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஓவனில் 60 டிகிரியில் அரை மணி நேரம், இலை விரலில் நொறுங்கும்வரை உலர்த்துங்கள். வெயில் வேண்டாம். ஒரு இரவுப் பூவில் மெல்லிய மணம்தான் வரும். மறுநாள் புதுப் பூவில் திரும்பச் செய்தால் ஆழமாகும். போடும்போது தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டக் கூடாது.

கே: கொழுக்குமலை டீயில் ஏலக்காய் தட்டிப்போடலாமா?
– ஒரு வாசகர், சின்னமனூர்

ப: போடாதீர்கள். சூரியநெல்லி வழியாக ஜீப்பில் ஏறிப்போய் வாங்கும் அந்த ஆர்த்தடாக்ஸ் (நசுக்காமல் முறுக்கிச் செய்த) இலையின் மதிப்பே உயரத்தில் மெதுவாக வளர்ந்த கொழுந்தின் சொந்த மணம்தான். ஏலக்காய்க்கு அடியில் அது காணாமல்போகும். ஏலக்காய்க்குத் திடமான சி.டி.சி. போதும், விலையும் குறைவு.

கே: ஒரே நாளில் எத்தனை மாதிரி சுவைக்கலாம்? எந்த வரிசையில்?
– ஒரு வாசகர், குமுளி

ப: வீட்டில் ஆறு போதும். முதலில் மணம் சேர்க்காத டீ ஒன்று, அதுதான் அளவுகோல். பிறகு மல்லிகை போன்ற பூ வகை, அடுத்து எலுமிச்சை வகை, அப்புறம் மசாலா, புகையூட்டியது. புதினா எப்போதும் கடைசி. அது நாக்கைக் குளிரவைத்து மரத்துப்போகச் செய்யும். நடுநடுவே சாதாரணத் தண்ணீரும் உப்பில்லாத பொரியும். சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து வெற்றிலை, காபி, பல் துலக்குவது கூடாது. தைலம் தேய்த்த கையும் தலையில் மல்லிகைச் சரமும் எதிரில் இருப்பவர் மூக்கையும் கெடுக்கும்.

இரண்டு மாதிரிக்கு உண்மையிலேயே வித்தியாசம் உண்டா என்ற சந்தேகம் வந்தால் மூன்று கோப்பை வையுங்கள். இரண்டில் ஒரே டீ, ஒன்றில் மற்றது. கோப்பைக்கு அடியில் எண் ஒட்டி, இன்னொருவரை விட்டு இடம் மாற்றச் சொல்லுங்கள். தனியாக இருப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும், ஆகவே ஒரு தடவை சரியாகச் சொன்னதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆறு தடவையில் ஐந்து தடவை சரியாக வந்தால் வித்தியாசம் இருக்கிறது என்று நம்பலாம். நிறம் காட்டிக்கொடுக்கும் என்றால் உள்ளே கறுப்பாக இருக்கும் கோப்பையில் ஊற்றுங்கள்.